லாரிக்குப் போட்ட செம்புக் கம்மல்

பழவேற்காட்டில் அந்த லாரி நின்றுபோனால் முதலில் சிரிக்கிறவர் லாரிக்காரருடைய மச்சான். குறடை எடுத்துக்கொண்டு முதலில் ஓடுகிறவன் நான்.

ஏன் என்று சொல்கிறேன், பிள்ளைகளா. ஐம்பதுகளின் தொடக்கம் அது. உங்களில் ஒருவரும் பிறக்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் இப்போது நீங்கள் வேலைக்குப் போகிற தொழிற்பேட்டையும் இல்லை, ஷிப்டுச் சங்கும் இல்லை. கல்கத்தா போகிற பெரிய ரோடு, ரெண்டு பக்கமும் சவுக்கு, அதை ஒட்டி என்னுடைய கீற்றுக் கொட்டகை. எட்டாவது வரைக்கும் படித்துவிட்டு, மதராசில் ஒரு பட்டறையில் வண்டி ஒயர் வேலை கற்றுக்கொண்டு வந்து போட்ட கொட்டகை. ரோட்டில் போகிற லாரி ஏதாவது மக்கர் பண்ணினால் எனக்கு வேலை உண்டு. எல்லா லாரியும் நன்றாக ஓடினால் எனக்கு வேலை இல்லை. நிலையாக என்னை நம்பி வந்தது ஒரே வண்டி, பழவேற்காட்டு பாயின் மீன் லாரி. அது இருக்கிறவரைக்கும் கொட்டகை இருக்கும். அது போய்விட்டால் பலகையை இறக்கிவிட்டு மாமனார் ஊரில் ஏர் பிடிக்கப் போகவேண்டியதுதான். மாமனார் அதற்கு எப்போதுமே தயாராக இருந்தார். நான்தான் தயாராக இல்லை.

பாய் பரம்பரையாகப் படகு வைத்து வியாபாரம் செய்த குடும்பம். மீனும் கருவாடும் கால்வாய் வழியாகப் படகிலேயே மதராசுக்குப் போகும். பாயும் அவருடைய மச்சானும் கூட்டாகத்தான் படகு ஓட்டினார்கள். யுத்தம் முடிந்து மிலிட்டரி லாரிகளை ஏலத்தில் விட்டார்கள் அல்லவா, அப்போது பாய்க்கு ஒரு ஆசை வந்தது. தன் பங்குப் படகுகளை விட்டுக்கொடுத்துவிட்டு ஒரு லாரியை வாங்கிவிட்டார். அதைக் கொண்டுபோய் மதராசில் ஒரு பட்டறையில் மரத்தில் பாடி கட்டி, ஒயரெல்லாம் புதிதாக இழுத்து, பச்சை பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்தார். மச்சானுக்கு அது பொறுக்கவில்லை. அக்காள் புருஷன் என்பதால் சண்டை போட முடியாது. அதனால் சிரித்தார்.

லாரி நிற்கும்போதெல்லாம் எங்கிருந்தோ வந்துவிடுவார். "இன்னா மேஸ்திரி, இன்னிக்கு மாப்பிள்ளைக்கு எங்க வலி? தலையா, வயிறா?" என்பார். லாரியை அவர் மாப்பிள்ளை என்றுதான் சொல்லுவார். பெட்ரோல் ஊற்றி உட்காரவைத்தாலும் வேலை செய்யாதாம்.

லாரிக்கு நோவு ஒரே இடத்தில்தான். நீங்கள் இப்போது சாதாரணமாகச் செய்கிறீர்களே, ஒயர் முனையில் ஒரு தகட்டுக் காதை வைத்து நெரித்து இறுக்கி, அந்தக் காதை ஸ்குரூவில் மாட்டுகிற வேலை, அந்தக் காதில்தான். நாங்கள் அதை லக் என்போம். அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் பெரும்பாலும் ஒயரை முறுக்கி நேரே ஸ்குரூவில் சுற்றிவிடுவார்கள். கொஞ்சம் ஒழுங்கானவர்கள் ஈயம் வைத்துப் பற்றவைப்பார்கள். மதராஸ் பட்டறைக்காரர்கள் மிலிட்டரி வண்டியில் இருந்ததைப் பார்த்து, அதே மாதிரி வெள்ளைத் தகட்டில் வெட்டி நெரித்து வைத்திருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்றாம் மாசமே ஒவ்வொன்றாகத் துருப்பிடித்து உதிர்ந்தது. ஹாரன் அடிக்காது. விளக்கு மினுக் மினுக் என்னும். செல்ப் எடுத்தால் பேட்டரி ஒயர் முனை தொடமுடியாமல் சுடும், வண்டி முனகும், கிளம்பாது.

நான் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். மண்ணெண்ணெய் டின்னை வெட்டிச் செய்த தகடு. மேலே வெள்ளையாக ஒரு பூச்சு, உள்ளே சுத்த இரும்பு. வெட்டின ஓரத்தில் பூச்சு கிடையாது, மடித்த இடத்தில் பூச்சு வெடித்திருந்தது. உப்புக்காற்றுக்கு அது போதாதா?

காற்று மட்டுமா. அதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று இருந்தது. லாரி டிரைவர் முன்னே பாயின் படகில் சுக்கான் பிடித்தவர். படகை விட்டபோது ஆளை விடமுடியாமல் பாய் அவருக்கு லாரி ஓட்டப் பழக்கிவிட்டார். நல்ல கை. ஆனால் மனசு படகிலேயே இருந்தது. வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை காலையில், லாரியை ஏரிக்கரைக்கு ஓட்டிப்போய் சக்கரம் முங்க இறக்கி, வாளி வாளியாக ஏரித்தண்ணீரை மேலே வாரி ஊற்றுவார். பழவேற்காட்டு ஏரித்தண்ணீர் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அதில் உப்பு காய்ச்சலாம்.

முதல் தடவை அதைப் பார்த்தபோது ஓடிப்போய் அவர் வாளியைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, இன்னா பண்ற நீ? உப்புத்தண்ணியப் போய் ஒயர் மேல ஊத்துறியே!"

"மரம் காயக்கூடாது மேஸ்திரி. காஞ்சா வெடிச்சிடும்."

"இது இன்னா படகா? லாரி!"

"பின்னாடி பாடி மரம்தானே?"

மரம்தான். பாயிடம் போய் முறையிட்டேன். நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை.

"தம்பி, எங்க ஊர்ல குடிக்கிற தண்ணிய எங்கேருந்து தூக்கினு வரோம்னு பாத்திருக்கியே. பொம்பளைங்க இடுப்பு ஒடியுது. அதுல ஒரு குடத்தை லாரி மேல ஊத்துனா அல்லாவுக்கு அடுக்குமா? கழுவாம உட்டா மீன் நாத்தத்துல ஊர்ல ஒருத்தனும் கிட்ட வரமாட்டான். தண்ணி அதேதான். அதுக்குத் தாங்கற மாதிரி நீ எதையாவது போடு."

அப்புறம் கொஞ்சம் குரலை இறக்கிச் சொன்னார். "ஐப்பசி மழை முடியற வரைக்கும் பாப்பேன். அதுலயும் வழியில நின்னா வித்துடுவேன். மச்சான் காலைப் புடிச்சி மறுபடியும் படகுல சேந்துக்குவேன். இனிமே என்னால முடியாது தம்பி, தினம் இவன் சிரிப்பைக் கேட்டுக்கினு."

பாய் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. எனக்கு அப்போதே மாமனார் வீட்டு மாட்டு வாடை அடித்தது.

முதலில் பித்தளைக்குப் போனேன். துருப்பிடிக்காது, மினுமினுப்பு, திருவள்ளூர் பாத்திரக்கடைத் தெருவில் தகடாகவே கிடைத்தது. வெட்டி, மடித்து, நெரித்து வைத்தேன். வைத்தபோதே எனக்கு ஒரு சந்தேகம். குறடை எடுத்ததும் பித்தளை லேசாக விரிந்துகொடுத்தது. முழுசாகப் பிடிக்காமல் கை குலுக்குகிற மாதிரி இருந்தது. இருந்தாலும் ஓடியது. மச்சான் கொஞ்ச நாள் காணாமல் போனார். அப்புறம் ஒரு நாள் பின்விளக்கு போனது, பார்த்தால் லக் மடிப்பிலேயே கீறிக்கொண்டு கையோடு வந்தது. அடுத்து இன்னொன்று. வேடிக்கை என்னவென்றால், முன்பக்கம் இருந்தவை தளர்ந்திருந்தன, வெடிக்கவில்லை. பின்பக்கம், மீன் கூடைக்கும் கருவாட்டு மூட்டைக்கும் அடியில் இருந்தவை மட்டும்தான் வெடித்தன. அழுகின மீனிலிருந்து மூக்கைப் பிடுங்குகிற ஒரு நெடி வருமே, அதில் என்னவோ பித்தளைக்கு ஆகவில்லை. எதனால் என்று எனக்கு அப்போது தெரியாது. ஆகவில்லை என்று தெரிந்தது, அது போதும்.

அடுத்து அலுமினியம். அப்போதுதான் அலுமினியப் பாத்திரம் வீட்டுக்கு வீடு நுழைய ஆரம்பித்திருந்தது. துருவும் இல்லை, களிம்பும் இல்லை, நெரித்தால் வெண்ணெய் மாதிரி மடிகிறது. இதைவிட என்ன வேண்டும் என்று உங்கம்மாவின் பழைய தட்டு ஒன்றைக் கேட்காமல் வெட்டிவிட்டேன். ஒரு மாசம் ஆகவில்லை. செம்பு ஒயர் அலுமினியத்தைத் தொடுகிற இடத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி. சுரண்டினால் தகட்டில் ஓட்டை. ஒயர் அப்படியே இருக்கிறது, காதைக் காணோம்.

உங்கம்மாவிடம் சொன்னேன். அடுப்படியிலிருந்து அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அலுமினியத்துல உப்பு போட்டு வச்சா பொத்துப்பூடும்னு எனக்கே தெரியுமே. தட்டை வெட்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். தட்டாவது மிஞ்சியிருக்கும்."

பற்றவைத்தும் பார்த்தேன். ஈயம் ஒயருக்குள் கொஞ்ச தூரம் ஏறி இறுகிப்போகிறது. இறுகின இடமும் தளர்ந்த இடமும் சேருகிற புள்ளியில், நம் ரோட்டுக் குலுக்கலுக்கு, ஒயர் பட் என்று ஒடிகிறது. கடைசியில் வெறும் செம்பு. மின்சாரம் போக அதைப்போல வழி கிடையாது, ஒயரும் அதே ஜாதி என்பதால் ஒன்றை ஒன்று தின்னாது. ஆனால் ஏரித்தண்ணீர் பட்டு நாலு நாளில் பச்சைக் களிம்பு ஏறி, ஸ்குரூவில் மாட்டுகிற முகம் கெட்டுப்போகும். சுரண்டினால் வேலை செய்யும், விட்டால் செய்யாது. டிரைவர் ஒரு உப்புத்தாளைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு, பொன்னேரியில் ஒருமுறை, செங்குன்றத்தில் ஒருமுறை இறங்கித் தேய்த்துக்கொண்டு போனார். மச்சான் சந்தோஷத்துக்கு அளவில்லை. "மாப்பிள்ளைக்கு வழியெல்லாம் காது குடையணுமாமே!" என்று கடைத்தெருவில் ஆளைப் பிடித்துப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நோன்பு மாசம் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு லாரி பள்ளிவாசலுக்குப் பக்கத்து வேப்ப மரத்தடியில் நின்றது. நான் டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்துக்கொண்டு ஒயர் தேடிக்கொண்டிருந்தேன். கை விட முடியாத ஒரு மூலையில், மதராஸ் பட்டறைக்காரர்கள் பிரிக்கச் சோம்பல் பட்டு விட்டுப்போன ஒரு பழைய ஒயர் கிடைத்தது. மிலிட்டரிக்காரன் போட்டது. அதன் முனையில் ஒரு லக். வெள்ளை வெளேரென்று, நேற்றுச் செய்தது மாதிரி. எத்தனை உப்பு, எத்தனை மழை பார்த்திருக்கும்! துரு ஒரு பொட்டுகூட இல்லை.

'இதுவும் தகரம், அதுவும் தகரம், இது மட்டும் எப்படித் தாங்குது?' என்று யோசித்துக்கொண்டே அதை வெட்டி எடுத்து வெளியே வந்தேன். மூக்கில் சுருக்கென்று ஒரு புகை ஏறியது.

பள்ளிவாசல் வாசலில் ஈயம் பூசுகிறவர் உட்கார்ந்திருந்தார். நோன்புக்கஞ்சி காய்ச்சுகிற பெரிய செம்புத் தேக்சாவை வருஷா வருஷம் நோன்புக்கு முன்னால் ஈயம் பூசி எடுப்பார்கள். ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து குளிக்கலாம், அவ்வளவு பெரிசு. துருத்தி ஊத ஊத அதைக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, ஈயக்குச்சியை உள்ளே ஒரு இழுப்பு இழுத்து, பஞ்சால் ஒரு துடை துடைத்தார். கறுத்துக் கிடந்த வயிறு கண்ணெதிரே நிலா மாதிரி ஆனது. வெளிப்பக்கம் செம்பு. பச்சையும் கறுப்புமாகக் களிம்பு. உள்பக்கம் மட்டும் வெள்ளை. அந்த உள்பக்கம்தான் ஒரு மாசம் முழுக்க உப்பும் எலுமிச்சையும் போட்ட கஞ்சியைத் தினமும் தாங்கப்போகிறது.

நான் கையில் இருந்த லக்கைப் பார்த்தேன். தேக்சாவைப் பார்த்தேன். அங்கேயே குந்தி உட்கார்ந்து, அரத்தை எடுத்து லக்கின் ஓரத்தில் ஒரு தேய்ப்பு தேய்த்தேன்.

உள்ளே சிவப்பு.

பிள்ளைகளா, அந்தச் சிவப்பைப் பார்த்தபோது நான் போட்ட சத்தத்தில் பள்ளிவாசல் புறா எல்லாம் பறந்துவிட்டன. வெள்ளையாக இருப்பதெல்லாம் தகரம் என்று நம் ஊர்க்காரர்களும் நினைத்தோம், மதராஸ்காரர்களும் நினைத்தார்கள். பார்வைக்கு ரெண்டும் ஒன்றுதான். ஆனால் இது செம்பு. செம்புக்கு மேலே வெள்ளீயம். மின்சாரம் போகச் செம்பு, களிம்பு வராமல் காக்க ஈயம்.

ஈயம் பூசுகிறவர் துருத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னாப்பா, தேள் கொட்டிச்சா?"

"இல்லீங்க. எனக்குக் கொஞ்சம் ஈயம் பூசித் தரணும்."

"எதுக்கு? அண்டாவா, குடமா?"

இந்த மாதிரி சின்னச் சின்னதாக என்று லக்கைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னாது? கம்மலா?"

"லாரிக்குங்க."

"லாரிக்குக் கம்மலா! காது குத்தியாச்சா அதுக்கு?" என்று சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "தோ பாருப்பா, இது பள்ளிவாசலுக்குப் பூசற ஈயம். சுத்தமான ஈயம். லாரி எண்ணெயும் மீன் நாத்தமும் புடிச்ச சாமானை இதுல உட்டேன்னு வையி, கஞ்சி குடிக்கிறவன் என்னை சும்மா உடுவானா?"

நியாயம்தான். நான் கெஞ்சவில்லை. "புதுச் செம்புல செஞ்சி, புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சி, கழுவிக் கொண்டாரேன். நீங்க மோந்து பாத்துட்டு உடுங்க. தேக்சா வேலை முடிஞ்ச பிற்பாடு, மிச்ச ஈயத்துல," என்றேன்.

"மோந்துதான் பாப்பேன்," என்றார்.

கொட்டகைக்குத் திரும்பினேன். திருவள்ளூரில் வாங்கிய பழைய செம்புக் குடம் ஒன்று இருந்தது, நல்ல கனம். வெட்டினேன். பேட்டரிக்கும் செல்ப்புக்கும் போகிற தடிமனான ஒயருக்குச் செம்புக் குழாயையே துண்டு போட்டு, ஒரு முனையைத் தட்டையாக அடித்து ஓட்டை போட்டேன். செம்பு அடிபட அடிபட விறைத்துக்கொள்ளும். விறைத்ததை நெரித்தால் பித்தளை மாதிரி விரிந்துகொடுக்கும். அதனால் ஒவ்வொன்றையும் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டேன். இரும்பைக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் கெட்டியாகும். செம்பு நேர்மாறு, குழந்தைக் கை மாதிரி மெத்தென்று ஆகிவிடும். அப்புறம் புளி, சாம்பல், கழுவல்.

மறுநாள் ஈயம் பூசுகிறவர் சொன்னபடியே ஒரு கைப்பிடி எடுத்து மோந்து பார்த்தார். "புளிக்கொழம்பு வாசனை வருது, பரவால்ல," என்று நவச்சாரத்தைத் தூவி ஒவ்வொன்றாக ஈயத்தில் முக்கி உதறினார். வெள்ளி மாதிரி விழுந்தன. போகும்போது ஒன்றே ஒன்று சொன்னார். "நவச்சாரம் ஒட்டினு இருந்தா அதுவே தின்னுடும். நல்ல தண்ணியில கொதிக்க வச்சி எடு."

நல்ல தண்ணீர்! பழவேற்காட்டில்! பாய் வீட்டு வாசலில் போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். பாய் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "தம்பிக்கு ஒரு குடம் தண்ணி குடுங்க. லாரி மேல ஊத்தறதுக்கில்ல, லாரி நகைக்கு." உள்ளேயிருந்து பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அதற்குள் கம்மல் கதை ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தது.

நெரிக்கிற குறடும் நானே செய்தேன். கொல்லரிடம் பழைய குறடு ஒன்றை வாங்கி, வாயில் ஒயர் பருமனுக்கு ஏற்றபடி பள்ளம் அராவினேன். பெரியதுக்கு இரும்புக் கட்டையில் பள்ளம் போட்டு, மேலே ஒரு உளி மாதிரி வைத்துச் சம்மட்டியால் ஒரே அடி. ஒயர் இழை ஒவ்வொன்றும் தகட்டோடு ஒட்டி ஒரே கட்டியாக ஆகவேண்டும், அதே சமயம் இழை அறுபடவும் கூடாது. முதலில் நெரித்த சிலதை ரம்பத்தில் குறுக்கே அறுத்து உள்ளே பார்த்தேன். இடைவெளி தெரிந்தால் பள்ளத்தை இன்னும் சின்னதாக்கினேன். கடைசியில் ஒன்றை டிரைவரிடம் கொடுத்து, "இழு அண்ணே," என்றேன். காலை மரத்தில் ஊன்றி, நங்கூரக் கயிறு இழுக்கிற மாதிரி இழுத்தார். ஒயர்தான் நடுவில் அறுந்தது. லக் அறுந்த துண்டை விடவில்லை.

"இன்னா மேஸ்திரி இது, நண்டு மாதிரி புடிச்சினு கீது!"

லாரி முழுக்க மாட்டினோம். அந்த வெள்ளிக்கிழமை நானே டிரைவரைக் கூப்பிட்டு, "நல்லா ஊத்து அண்ணே," என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு ஊற்றினார். ஊற்றி முடித்ததும் செல்ப் எடுக்கச் சொன்னேன். எடுத்ததும் பேட்டரி முனையில் விரலை வைத்தேன். முன்னெல்லாம் சுட்டுக் கொப்புளம் போடுமே, அதே இடம். ஜில்லென்று இருந்தது.

நோன்பு முடிந்து பெருநாள் வந்தது. ஆடி போனது, ஆவணி போனது. உப்புத்தாள் டிரைவர் சட்டைப்பையிலேயே நைந்து போனது. மச்சான் மட்டும், "வெயில்ல எந்தக் கழுதையும் ஓடும். மழை வரட்டும்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளுக்குள் நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பாய் கெடு வைத்தது மழைக்குத்தானே.

மழை வந்தது. வந்தது மட்டுமில்லை, மச்சான் மகளுடைய கல்யாணத்தைப் பார்த்து வந்தது. மாப்பிள்ளை வீடு திருவள்ளூர். கல்யாணம் அங்கேதான். பெண் வீட்டுச் சீர், பாத்திரம், பிரியாணிக்கு ரெண்டு பெரிய தேக்சா எல்லாம் படகில் மதராசுக்குப் போய், அங்கிருந்து மாட்டு வண்டியில் போவதாக ஏற்பாடு. மச்சான் கவுரவமாகத் தன் படகிலேயே ஏற்றவேண்டும் என்று இருந்தார். நாலு நாளாக விடாத மழையில் கால்வாய் கரை புரண்டது. படகுக்காரர்கள் ஒருவரும் கட்டை அவிழ்க்கமாட்டேன் என்றுவிட்டார்கள்.

காலையில் குடையும் இல்லாமல் நனைந்துகொண்டு மச்சான் பாய் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் லாரி பக்கத்தில்தான் இருந்தேன். மழைக்காலம் முழுக்க அதை விட்டு நகர்வதில்லை என்று முடிவு பண்ணியிருந்தேன். மச்சான் என்னைப் பார்க்கவில்லை. லாரியைப் பார்த்தார்.

"மச்சான்," என்றார் பாயிடம், "மாப்பிள்ளை... இது... திருவள்ளூர் போய்ச் சேருமா?"

பாய் என் பக்கம் கையைக் காட்டினார். 'அவனைக் கேள்' என்று அர்த்தம்.

"சேரும்," என்றேன். "நானும் வரேன்."

பெண்களைப் பாய் அப்போதே கிளம்பிய பஸ்ஸில் பொன்னேரிக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து ரயிலில் அழைத்துக்கொண்டு போனார். சீரையும் தேக்சாவையும் லாரியில் ஏற்றித் தார்ப்பாய் போட்டோம். முன்னால் டிரைவர், நடுவில் நான், ஓரத்தில் மச்சான். கதவுப் பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தார். மழையில் எதிரே ஒன்றும் தெரியவில்லை. பகலிலேயே விளக்கைப் போட்டோம். எரிந்தது. ஹாரன் அடித்தோம். அடித்தது. ஒவ்வொரு தரம் ஹாரன் கேட்கும்போதும் மச்சான் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்.

பொன்னேரிக்கு இந்தப்பக்கம் ஆற்றுத் தரைப்பாலம். பாலத்துக்கு மேலே செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ரெண்டு பக்கமும் ஜனங்கள் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பஸ் போகாமல் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் கீழே இறங்கி, தண்ணீரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "இழுப்பு கம்மிதான். போலாம்," என்று வந்து உட்கார்ந்தார். தண்ணீரைப் பற்றி அவர் சொன்னால் அப்பீல் கிடையாது.

பாதிப் பாலம் வந்தோம். எங்கிருந்தோ ஒரு எருமை, தண்ணீரில் அடித்துக்கொண்டு வந்து சரியாக எங்கள் முன்னால் பாலத்தில் ஏறி நின்றது. டிரைவர் ஒரு உதை உதைத்து பிரேக் போட்டார். இன்ஜின் உறுமி, குலுங்கி, செத்துவிட்டது.

சத்தமே இல்லை. தண்ணீர் சத்தம் மட்டும்தான். அந்த வெள்ளத்தில் முன்னால் இறங்கிப் போய் ஹேண்டில் போட்டுச் சுற்ற எவனாலும் முடியாது. செல்ப் எடுத்தால் உண்டு. பேட்டரி அடித்தட்டில் இருந்தது. அதிலிருந்து போகிற ஒயர் முனை அப்போது தண்ணீரில் முங்கித்தான் இருந்திருக்கவேண்டும்.

"மேஸ்திரி," என்றார் மச்சான். சிரிப்பு இல்லை, கிண்டல் இல்லை. "எம்பொண்ணு கல்யாணம் மேஸ்திரி."

எருமை எங்களைப் பார்த்தது. நான் டிரைவரைப் பார்த்தேன். "எடு அண்ணே."

செல்ப் பொத்தானை அழுத்தினார்.

முனகவில்லை, இழுக்கவில்லை. கிர்ர்ர் என்று ஒரே சுற்று, இன்ஜின் பிடித்துக்கொண்டது! டிரைவர் ஹாரனில் கையை வைத்தார், எடுக்கவே இல்லை. எருமை பயந்து அந்தப்பக்கம் குதித்தது. கரையில் நின்ற ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். மச்சான் கதவுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டு, மழையில் நனைந்துகொண்டு, "உடு! உடு! நிறுத்தாதே! திருவள்ளூர் வரைக்கும் நிறுத்தாதே!" என்று கத்தினார்.

அக்கரை ஏறினோம். டிரைவர் ஹாரனை விடவில்லை. பொன்னேரிக் கடைத்தெருவில் அடித்தார், செங்குன்றத்தில் அடித்தார், ரோட்டில் ஒரு ஆள் இல்லாத இடத்தில்கூட அடித்தார். வேறு நாளாக இருந்தால் பேட்டரி போய்விடும் என்று அதட்டியிருப்பேன். அன்றைக்கு அந்தச் சத்தம் எனக்கு நாதஸ்வரம் மாதிரி இருந்தது. திருவள்ளூரில் மாப்பிள்ளை வீட்டார் மேளம் வருகிறதென்று வெளியே வந்துவிட்டார்கள்.

தேக்சாவை இறக்கியதும் நான் வண்டிக்கு அடியில் படுத்து, பேட்டரி முனையைத் துடைத்துப் பார்த்தேன். சேறு வழிந்துகொண்டிருந்தது. சேற்றுக்கு அடியில் வெள்ளை வெளேரென்று இருந்தது. வெளியே வந்தபோது பாய் நின்றுகொண்டிருந்தார். மச்சான் அதற்குள் பாலத்துக் கதையை அவரிடம் சொல்லி முடித்திருந்தார்.

"தம்பி, லாரி எங்கயும் போவல. நீயும் எங்கயும் போவாதே," என்றார். அவ்வளவுதான். நான் தலையை ஆட்டினேன்.

அன்றைக்கு விருந்தில் ஆக்கின பிரியாணி லாரி சுமந்துவந்த தேக்சாவில் வெந்தது. மச்சான் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். தட்டு நிறைய அவரே போட்டார். நான் சாப்பிட ஆரம்பித்ததும், ரொம்ப ரகசியம் மாதிரி காதருகே குனிந்தார்.

"மேஸ்திரி, அந்தக் கம்மல் ரெண்டு என் படகுக்கும் போட்டுக் குடு."

"படகுலதான் ஒயரே இல்லீங்களே."

இன்னொரு கறித்துண்டை எடுத்து என் தட்டில் போட்டார்.

"அப்போ ஒயரையும் நீயே போட்டுக் குடு. ஒரு ஹாரனும் வையி. நல்லா சத்தமா கேக்கணும், அந்த லாரியைவிட."